கணக்கேடு யார் கையில்? ஃபோகோ தீவு விடுதி: ஒரு நிகழ்வு ஆய்வு

கனடாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்தின் வடகிழக்குக் கரைக்கு அப்பால், லாப்ரடோர் நீரோட்டம் பனிப்பாறைகளைச் சுமந்துவரும் கடலில் ஃபோகோ தீவு கிடக்கிறது. நீளம் ஏறத்தாழ 25 கிலோமீட்டர், அகலம் 14 கிலோமீட்டர். காண்டர் விமான நிலையத்தில் இறங்கி, ஒரு மணி நேரத்துக்கும் மேல் காரில் போய், ஃபேர்வெல் என்ற துறையில் காத்திருந்து ஃபெரியில் ஏற வேண்டும். கடலைக் கடக்க முக்கால் மணி நேரம். இடையில் சேஞ்ச் ஐலண்ட்ஸைத் தொட்டுச் செல்லும் நடையில் இன்னும் கூடுதல். காற்று சீறினாலோ மிதக்கும் பனிக்கட்டி வழியை அடைத்தாலோ அன்றைய பயணம் நின்றுவிடும்.

இப்படிப்பட்ட இடத்தில், ஜோ பேட்ஸ் ஆர்ம் என்ற மீனவ ஊரின் பாறை விளிம்பில், 2013-இல் ஒரு விடுதி திறக்கப்பட்டது. 29 அறைகள். எல்லா அறைகளும் வட அட்லாண்டிக்கைப் பார்த்தவை. இன்று உணவோடு சேர்த்து ஓர் இரவு தங்க 2,000 கனடா டாலருக்கு மேல் ஆகும். பயண இதழ்கள் இதைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தரையிலிருந்து கூரைவரை நீளும் கண்ணாடி ஜன்னலையும் அதற்கு வெளியே மிதக்கும் பனிப்பாறையையும் தாண்டுவதில்லை. எனக்கு அந்த ஜன்னலைவிட முக்கியமாகப் படுவது விடுதியின் கணக்கு. விருந்தினர் கொடுக்கும் பணம் எங்கே போய்ச் சேருகிறது, அதை யார் எழுதிவைக்கிறார்கள், எழுதியதை யாரெல்லாம் படிக்க முடிகிறது? ஃபோகோவின் வரலாற்றை இந்தக் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு படித்தால்தான் அந்த விடுதி ஏன் அப்படிக் கட்டப்பட்டது என்பது புரியும்.

வணிகரின் ஏடு

ஐரோப்பியர் இந்தக் கரைகளில் குடியேறியதே காட் மீனுக்காகத்தான். பிடித்த மீனைப் பிளந்து, உப்பிட்டு, மரப்பரண்களில் காயவைத்துக் கருவாடாக்குவது குடும்பம் முழுவதற்குமான வேலை. ஆண்கள் கடலில் இருக்க, பெண்களும் பிள்ளைகளும் கரையில் மீனைப் புரட்டிப் போட்டுக் காயவைத்தார்கள். ஆனால் அந்த உழைப்பு பணமாக அவர்கள் கைக்கு வந்தது அரிது. வசந்தத்தில் மாவு, தேயிலை, உப்பு, வலைக்கயிறு எல்லாவற்றையும் ஊர் வணிகரிடம் கடனாக எடுப்பார்கள். இலையுதிர் காலத்தில் கருவாட்டைக் கொடுத்துக் கடனைக் கழிப்பார்கள். மாவின் விலையை வைப்பவர் வணிகர், கருவாட்டைத் தரம் பிரித்து விலை வைப்பவரும் அவரே. ஏட்டில் எழுதுபவரும் அவரே. எழுத்தறியாத மீனவர் தம் கணக்கில் என்ன இருக்கிறது என்று கேட்கத்தான் முடியும், சரிபார்க்க முடியாது. தலைமுறை தலைமுறையாக இதுவே நடைமுறை.

நியூஃபவுண்ட்லாந்து 1949-இல் கனடாவோடு இணைந்தது. அதை அடுத்த ஆண்டுகளில் கடலில் புதிய கப்பல்கள் தோன்றின. மடிவலையை இழுத்துச் சென்று, பிடித்ததைக் கப்பலிலேயே வெட்டி உறையவைக்கும் ஆலைக் கப்பல்கள் அவை. பல நாடுகளிலிருந்து வந்தன, இரவு பகல் பாராமல் இழுத்தன. 1968-இல், இந்தக் கடலில் வாழும் 'வடக்குக் காட்' என்ற காட் மீன் கூட்டத்தின் பிடிப்பு 8 லட்சம் டன்னைத் தாண்டியது. சிறு படகில் கைத்தூண்டிலும் பொறிவலையுமாகக் கரையோரம் மீன்பிடித்தவர்களுக்கு மிஞ்சியது கொஞ்சமே.

இதே காலத்தில் மாகாண அரசு சிதறிக் கிடந்த சிற்றூர்களைக் காலிசெய்து மக்களைப் பெரிய ஊர்களுக்குக் கொண்டுபோகும் திட்டத்தை நடத்தியது. 1954 முதல் 1975 வரை ஏறத்தாழ 300 ஊர்கள் காலியாயின. சுமார் 30,000 பேர் இடம் பெயர்ந்தார்கள். சிலர் வீட்டையே பெயர்த்து, கடலில் மிதக்கவிட்டு, படகால் இழுத்துக்கொண்டு போனார்கள். ஃபோகோவுக்கும் அந்த நெருக்கடி வந்தது. வணிகர்கள் கடையைக் கட்டிக்கொண்டிருந்தார்கள், பலர் அரசு உதவித்தொகையில் நாளைத் தள்ளினார்கள். தீவில் பத்து ஊர்கள் இருந்தும் மதத்தாலும் பழைய பகையாலும் ஊருக்கு ஊர் பேச்சுவார்த்தை குறைவு.

இந்த ஆய்வில் நான் அதிகம் மதிக்கும் கட்டம் 1967. விடுதி திறப்பதற்கு 46 ஆண்டுகள் முன்பு. மெமோரியல் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கத் துறையில் இருந்த டொனால்ட் ஸ்னோடனும், கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த இயக்குநர் காலின் லோவும் சேர்ந்து ஃபோகோவில் ஒரு முயற்சியைத் தொடங்கினார்கள். வெளியாள் வந்து தீவைப் பற்றி ஒரு பெரிய படம் எடுத்துப்போகும் வழக்கத்தை லோ விட்டார். ஒரு மீனவர் பேசுவதை, ஒரு கூட்டம் நடப்பதை, ஒரு திருமண விருந்தைத் தனித்தனிக் குறும்படங்களாக எடுத்தார். எடுத்ததை முதலில் அவர்களிடமே காட்டி ஒப்புதல் வாங்கினார். பிறகு ஊர் ஊராகத் திரையிட்டார். நேருக்கு நேர் பேசத் தயங்கியவர்கள், அடுத்த ஊர்க்காரர் திரையில் தம்முடைய குறைகளையே பேசுவதைப் பார்த்தார்கள். படங்கள் அமைச்சர்களுக்கும் காட்டப்பட்டன. சமூக வளர்ச்சித் துறையில் இம்முறைக்கு இன்றும் 'ஃபோகோ வழிமுறை' என்றே பெயர்.

தீவு மக்கள் இடம்பெயர மறுத்தார்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். வணிகர்கள் கைவிட்ட மீன் பதப்படுத்தும் தொழிலை அந்தச் சங்கம் ஏற்று நடத்தியது. கணக்கேடு முதல்முறையாகத் தீவுக்காரர் கைக்கு வந்தது அப்போதுதான். விடுதிதான் ஃபோகோவைக் காப்பாற்றியது என்று எழுதுபவர்கள் இந்த ஒரு செய்தியைத் தவறவிடுகிறார்கள். கூட்டுறவுச் சங்கம் இல்லாமல் போயிருந்தால், விடுதி கட்ட வந்தவருக்குத் தீவில் மக்களே மிஞ்சியிருக்க மாட்டார்கள்.

1992 ஜூலை 2

மீன் சிறுத்துவருகிறது, கரைக்கு வருவது குறைகிறது என்று கரையோர மீனவர்கள் 1980-களிலேயே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அரசின் மதிப்பீடுகள் கடலில் மீன் நிறைய இருப்பதாகக் காட்டின. மதிப்பீடு பெரிய கப்பல்களின் பிடிப்பை அதிகம் நம்பியது. மீன் எஞ்சியிருந்த இடத்தைத் தேடிப்போய் இழுக்கும் திறன் அந்தக் கப்பல்களுக்கு இருந்ததால், கடல் வற்றுவது அவற்றின் எண்களில் தெரியவில்லை. 1992 ஜூலை 2 அன்று மீன்வளத் துறை அமைச்சர் ஜான் கிராஸ்பி வடக்குக் காட் மீன்பிடிப்புக்குத் தடை அறிவித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு என்றார்கள். நியூஃபவுண்ட்லாந்தில் ஏறத்தாழ 30,000 பேர் வேலையிழந்தார்கள். தடை 32 ஆண்டுகள் நீடித்தது.

கடலுக்கும் கடல் சார்ந்த நிலத்துக்கும் இரங்கலை உரிப்பொருளாக வைத்த மரபு நம்முடையது. ஆனால் நெய்தலின் தலைவி கடலில் போனவன் திரும்புவான் என்று காத்திருப்பாள். இங்கே போனது கடலின் மீன். படகுகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. இளைஞர்கள் டொராண்டோவுக்கும் ஆல்பர்ட்டாவின் எண்ணெய் வயல்களுக்கும் போனார்கள். ஃபோகோவின் கூட்டுறவுச் சங்கம் பனி நண்டுக்கும் இறாலுக்கும் மாறி உயிர்பிடித்தது. அந்தத் தொழிலுக்குப் பெரிய படகும் உரிமமும் வேண்டும். அவை இல்லாதவர்களுக்குத் தீவில் வேலை குறைவு. ஒருகாலத்தில் 5,000 பேரளவுக்கு இருந்த மக்கள்தொகை பாதிக்கும் கீழே வந்தது.

படிப்புக்கு உதவுவதா, ஊருக்கு உதவுவதா

ஸீட்டா காப் ஜோ பேட்ஸ் ஆர்மில் ஒரு மீனவர் வீட்டில் பிறந்தவர். ஆறு சகோதரர்களுக்கு நடுவே ஒரே பெண். எழுதப் படிக்கத் தெரியாத தந்தை, ஆலைக் கப்பல்கள் கடலைத் துடைத்த ஆண்டுகளில் ஒருநாள் ஏறக்குறைய வெறுங்கையோடு வீடு திரும்பியதையும், இந்தப் பணம் என்பது எப்படி வேலை செய்கிறது என்று நீ தெரிந்துகொள் என்று தம்மிடம் சொன்னதையும் காப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அவர் கனடாவின் தலைநகரான ஒட்டாவாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் வணிகவியல் படித்தார். ஒளியிழைத் தொழில்நுட்ப நிறுவனமான ஜேடிஎஸ் யூனிஃபேஸில் நிதிப் பொறுப்பில் உயர்ந்து, பெரும் செல்வத்தோடு 2000-களின் தொடக்கத்தில் வெளியேறினார்.

சொந்த ஊருக்குத் திரும்பியவர் முதலில் செய்தது, வசதி வந்த எவரும் செய்யக்கூடியதுதான். பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவித்தொகை. அதைப் பற்றிய கூட்டத்தில் ஒரு தாய் எழுந்து, நீங்கள் எங்கள் பிள்ளைகள் ஊரைவிட்டுப் போவதற்கல்லவா பணம் கொடுக்கிறீர்கள், இங்கேயே இருப்பதற்கு ஏதாவது செய்ய முடியாதா என்ற பொருளில் கேட்டதாகக் காப் சொல்கிறார். இந்த முழு முயற்சியும் அந்தக் கேள்வியில்தான் திரும்பியது. நன்கொடையாளர் ஒருவர் அந்தக் கேள்விக்குச் செவிகொடுத்துத் தம் திட்டத்தை மாற்றிக்கொண்டார் என்பதும் அவ்வளவு எளிதாகக் காணக்கூடிய காட்சி அல்ல.

காப் தம் சகோதரர்கள் இருவரோடு சேர்ந்து ஷோர்ஃபாஸ்ட் என்ற அறக்கட்டளையைத் தொடங்கினார். பொறிவலையைக் கரையோடு பிணைக்கும் கயிற்றுக்கு நியூஃபவுண்ட்லாந்து மீனவர் வைத்திருக்கும் பெயர் அது. அறக்கட்டளை முதலில் கேட்டவை எளிய கேள்விகள். நம்மிடம் என்ன இருக்கிறது, நமக்கு என்ன தெரியும், எதை நேசிக்கிறோம், எதை இழந்து தவிக்கிறோம். பதில்களில் படகு கட்டும் கை இருந்தது, ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும் கை இருந்தது, அந்நியரை வீட்டுக்குள் அழைத்துத் தேநீர் கொடுக்கும் பழக்கம் இருந்தது. தீவின் நாட்காட்டியும் இருந்தது. ஃபோகோவில் ஆண்டுக்கு ஏழு பருவங்கள். குளிர்காலம் முடிந்ததும் மிதவைப் பனிக்காலம் வரும், பிறகு வசந்தம். பொறிவலை போடும் இடங்கள் ஒதுக்கப்பட்டு வலை இறங்கும் ஜூனுக்கு 'டிராப் பெர்த்' என்று பெயர். கோடை கழிந்து பெர்ரிப் பழக் காலம், அதன்பின் குளிர்காலத்துக்கு முந்திய இருண்ட நவம்பர். இந்தப் பதில்களைக் கூட்டிப் பார்த்தபோது, விருந்தோம்பலை ஒரு தொழிலாக்கலாம் என்ற முடிவு பிறந்தது. விடுதி கடைசியாக வந்த எண்ணம் என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு முன்பே உலகக் கலைஞர்கள் வந்து தங்கி வேலை செய்யும் திட்டம் தொடங்கிவிட்டது, பாறைகளின் மேல் நான்கு சிறு கலைக்கூடங்களும் எழுந்தன.

பாறையின் மேல் நிற்கும் கால்கள்

கட்டடக் கலைஞர் டாட் சாண்டர்ஸ் காண்டரில் பிறந்து, நார்வேயின் பெர்கனில் பணிபுரிபவர். விடுதி மேலிருந்து பார்த்தால் பெருக்கல் குறி போல இருக்கும். ஒரு கை இரண்டு மாடி, மற்றது நான்கு மாடி. கடல் பக்கத்தில் கட்டடம் முழுக்கச் சாய்ந்த கால்களின் மேல் நிற்கிறது. இது புதுமைக்காகச் செய்ததில்லை. தீவில் மண் மிகக் குறைவு. மீனவர்கள் மீன் இறக்கும் மேடைகளையும் கொட்டகைகளையும் இப்படித்தான் பாறைமேல் மரக்கால்களில் ஊன்றினார்கள். அடித்தளத்துக்காகப் பாறையை வெடிவைத்துத் தகர்க்காமல், அதன் மேலுள்ள பாசியைக் கெடுக்காமல் நிற்க அந்தப் பழைய வழியே போதுமாக இருந்தது. கூரையில் விழும் மழைநீர் சேமிக்கப்படுகிறது. வெயிலும் விறகும் வெந்நீருக்கும் வெப்பத்துக்கும் உதவுகின்றன.

உள்ளே இருக்கும் பொருள்களின் கதை இன்னும் நுட்பமானது. வெளிநாடுகளிலிருந்தும் கனடாவின் பிற பகுதிகளிலிருந்தும் வடிவமைப்பாளர்களை வரவழைத்தார்கள். இங்கிலாந்தின் இல்சே க்ராஃபோர்ட் அவர்களில் ஒருவர். அவர்கள் தீவின் தச்சர்களோடும் போர்வை தைக்கும் பெண்களோடும் உட்கார்ந்து வேலை செய்தார்கள். படகு கட்டியவர் கை நாற்காலி செய்தது. ஒவ்வோர் அறையிலும் கையால் தைத்த போர்வை. விடுதிக்காகத் தொடங்கிய தச்சுப்பட்டறை பிறகு வெளியாருக்கும் நாற்காலி மேசை விற்கும் தொழிலாக நின்றது. வாங்க வேண்டியதை முதலில் தீவில் தேடு, இல்லையென்றால் மாகாணத்தில், அதற்கும் அப்பால் நாட்டில் என்பதே கொள்முதலின் வரிசை. சமையலறையும் இதே வழியில் போனது. கைத்தூண்டிலில் பிடித்த காட் மீனுக்குச் சந்தை விலைக்கு மேல் கொடுத்து வாங்கி, தீவுக்கு வெளியே உள்ள உணவகங்களுக்கும் விற்கிறார்கள்.

வந்து இறங்கும் விருந்தினரைத் தீவுக்காரர் ஒருவர் தம் வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் காட்டுகிறார். வழிகாட்டியின் மனப்பாட உரை அங்கே கிடையாது. தம் தாத்தா மீன் காயவைத்த இடத்தைக் காட்டுவார், வழியில் தெரிந்தவர் வீட்டில் நிறுத்துவார். விடுதிக்குள் கலைக்கூடமும் தீவின் வரலாற்று நூலகமும் உண்டு. தேசியத் திரைப்பட வாரியத்தோடு சேர்ந்து நடத்தும் சிறு திரையரங்கும் இருக்கிறது. 1967-இல் தங்களைத் தாங்களே திரையில் பார்த்த மக்களின் ஊரில், அதே வாரியத்தின் துணையோடு ஒரு திரை. இந்த நினைவுக்கு இடம் ஒதுக்கியவர்கள் தம் ஊரை உண்மையாகவே அறிந்தவர்கள்.

29 அறைகள் என்ற எண்ணும் யோசித்து வைத்ததுதான் என்று படுகிறது. அறைக்கு இருவர் என்றால் ஒரே நேரத்தில் 58 பேர். 2,000 சொச்சம் பேர் வாழும் தீவில் வந்தவர்கள் எப்போதும் சிறுபான்மையாகவே இருப்பார்கள். 200 அறைகள் கட்டியிருந்தால் விலை குறைந்திருக்கும். ஆனால் கோடையில் ஃபெரியில் ஊர்க்காரருக்கு இடம் கிடைத்திருக்காது.

ஒட்டுச்சீட்டில் எழுதிய கணக்கு

உணவுப் பொட்டலங்களின் பின்புறம் கொழுப்பு இவ்வளவு, சர்க்கரை இவ்வளவு என்று ஒரு கட்டம் அச்சிட்டிருக்கும் அல்லவா, அதே வடிவில் ஷோர்ஃபாஸ்ட் பணத்துக்கு ஒரு சீட்டை உருவாக்கியது. ஒரு நாள் தங்கும் கட்டணத்தில் ஊதியத்துக்கு எவ்வளவு, உணவுக்கும் அறைப் பொருள்களுக்கும் எவ்வளவு, தரகுக்கு எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். அந்தப் பணம் தீவில் எவ்வளவு தங்குகிறது, மாகாணத்துக்கு, நாட்டுக்கு, வெளியுலகுக்கு எவ்வளவு போகிறது என்பது கீழே. அவர்கள் வெளியிட்ட சீட்டின்படி கட்டணத்தில் ஏறத்தாழப் பாதி ஊதியமாகப் போகிறது. சுமார் மூன்றில் இரண்டு பங்கு ஃபோகோவிலேயே சேர்கிறது. விடுதியில் தனிப்பட்ட பங்குதாரர் எவருக்கும் இலாபம் கிடையாது. மிஞ்சுவது அறக்கட்டளை வழியாகத் தீவின் பணிகளுக்குத் திரும்புகிறது.

இந்தச் சீட்டை நான் விளம்பர உத்தியாகப் பார்க்கவில்லை. வணிகரின் ஏட்டைப் பார்க்க முடியாமல் தலைமுறை தலைமுறையாகக் கடன்பட்ட ஊரில், வாங்குபவரும் வேலை செய்பவரும் ஒரே எண்களைப் படிக்கும்படி ஒரு தாள் வைக்கப்பட்டிருக்கிறது. தொலைதூரக் கடற்கரைகளில் கட்டப்படும் விடுதிகள் பெரும்பாலும் இதை மறைத்தே நடக்கின்றன. நிலம் உள்ளூர், காட்சி உள்ளூர், துப்புரவுப் பணி உள்ளூர், முதலாளி வேறெங்கோ. ஊர் மக்களுக்குத் தெரிவது தங்கள் சம்பளம் மட்டுமே. ஒரு விடுதி ஊருக்கு நல்லதா என்று தீர்மானிக்க வேண்டியவர்கள், கட்டடத்தின் படத்தை விட்டுவிட்டு முதலில் இப்படி ஒரு தாளைக் கேட்க வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

எடுத்துச்செல்ல முடியாதவை

இந்த நிகழ்வை அப்படியே இன்னோர் இடத்தில் நட முடியாது. தொடக்க முதலீட்டில் பெரும்பகுதி ஒரு தனிமனிதரின் செல்வத்திலிருந்து வந்தது. மத்திய, மாகாண அரசுகளும் பங்களித்தன. வட்டிக்குக் கடன் வாங்கி இதே விடுதியைக் கட்டியிருந்தால், முதல் சில ஆண்டுகளின் வெற்று அறைகளே அதை மூழ்கடித்திருக்கும். வருவாயைத் தீவிலேயே நிறுத்த முடிவதற்குக் காரணம், கட்டடத்துக்குப் போட்ட முதலீட்டை யாரும் திருப்பிக் கேட்கவில்லை என்பது. இதைச் சொல்லாமல் சீட்டின் எண்களை மட்டும் காட்டுவது நேர்மையாகாது.

விலை இன்னொரு முள். அங்கே அறை துடைப்பவரோ மீன் கொடுப்பவரோ ஓர் இரவு அங்கே தங்குவதை நினைத்துப் பார்க்க மாட்டார். கலைக்கூடமும் நூலகமும் எல்லாருக்கும் திறந்திருப்பது அந்த இடைவெளியைக் குறைக்கிறது, மூடிவிடவில்லை. பணக்கார விருந்தினரைச் சார்ந்த வருவாய், உலகில் எங்கோ ஒரு நெருக்கடி வந்தால் ஒரே வாரத்தில் நின்றுபோகக்கூடியது. வெளியூர்க்காரர்கள் இப்போது ஃபோகோவைத் தேடி வருகிறார்கள். கோடைக்கு மட்டும் பூட்டுத் திறக்கும் வீடுகள் பெருகினால், ஊரிலேயே இருக்க விரும்பும் இளம் குடும்பத்துக்கு வீடு கிடைக்காது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கண்டிப்பானது. ஃபோகோ தீவு நகராட்சியில் 2011-இல் 2,395 பேர். 2016-இல் 2,244. 2021-இல் 2,117. விடுதி திறந்தபின்னும் எண்ணிக்கை இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. விடுதி இல்லையென்றால் இன்னும் வேகமாக இறங்கியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். ஆனால் அது என் கணிப்பு. இங்கேயே இருப்பதற்கு ஏதாவது செய்ய முடியாதா என்று கேட்ட தாயின் கேள்விக்குப் பாதிப் பதில்தான் கிடைத்திருக்கிறது.

மீதிப் பாதி கடலில் இருக்கிறது. 2024 ஜூனில் கனடா அரசு வடக்குக் காட் மீன்மீதிருந்த தடையை நீக்கி, அந்த ஆண்டில் 18,000 டன் பிடிக்கலாம் என்றது. பெரிய இழுவைக் கப்பல்களுக்கும் அதில் ஒரு பங்கு தரப்பட்டது. கரையோர மீனவர்களின் தொழிற்சங்கம் கடுமையாக எதிர்த்தது. யாருக்கு எத்தனை டன் என்று எழுதும் ஏடு விடுதியிலும் இல்லை, கூட்டுறவுச் சங்கத்திலும் இல்லை. அது ஒட்டாவாவில் இருக்கிறது.